இரண்டு தடவை விற்ற ஞாயிறு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தின் விலை, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். பேசி முடித்த ரேட் அதுதான். வாரத்தில் ஆறு நாள் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்களைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு விலையே கிடையாது என்பார்கள். ஆனால் விலை இல்லாத பொருள் என்று ஒன்று இருப்பதை நாலுவிரல் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. இன்னும் விலை கேட்டு ஆள் வராத பொருள் என்றுதான் சொல்லுவாள்.

நாலுவிரல் என்பது கடைத்தெரு வைத்த பட்டப்பெயர். சித்தப்பாவின் துணிக்கடையில் பதினேழு வயதிலிருந்து மீட்டர் கோல் பிடிக்கிறவள். விலையில் ஒரு காசு குறைக்க மாட்டாள். வாடிக்கையாளர் வாசல்வரை போய்த் திரும்பினாலும் குறைக்க மாட்டாள். ஆனால் அளந்து முடித்ததும், கத்தரி வைப்பதற்கு முன்னால், கோலைத் தாண்டி நாலு விரல் அகலம் துணியைக் கூட இழுத்துவிடுவாள். அவர்கள் பார்க்கிற மாதிரி இழுப்பாள், அதுதான் முக்கியம். "கொடுத்த காசு நாளைக்கு மறந்துடும், கூடக் கிடைச்ச துணி மறக்காது" என்று அப்பா இருந்தபோது சொல்லிக்கொடுத்தது. அப்பா போன பிறகு கடை சித்தப்பாவுக்கு வந்தது. அந்த நாலு விரல் மட்டும் அவளுக்கு வந்தது.

முப்பத்தோரு வயதில் அவள் கல்லூரியின் மாலை நேரப் பிரிவில் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு நாற்காலி. கடைக்கு எதிரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் உட்கார்ந்தே வேலை பார்த்தாள். யாரும் அவளிடம் பேரம் பேசவில்லை. சர்க்கரை அளவை மட்டும் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லி ஒன்றிரண்டு பேர் கெஞ்சுவார்கள்; அவள் சிரித்துவிட்டுக் காகிதத்தை நீட்டுவாள். பல வருஷம் இதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் நாலுவிரல் தெருவைத் தாண்டிப் போய், "இங்க உட்கார என்ன படிக்கணும்?" என்று கேட்டுவிட்டாள்.

லேப் டெக்னீஷியன் படிப்பு. அதில் சேர முதலில் கல்லூரியில் ஒரு வருஷம்: அடிப்படை வேதியியல், அதற்கு ஒரு லேப், கூடவே புதிதாக ஒரு மொழி. இரண்டையும் ஒரே வருஷத்தில் பாஸ் செய்ய வேண்டும். ஒன்றில் தவறினாலும் இடம் போய்விடும். வெளியே காத்திருக்கிறவருக்குக் கொடுத்துவிடுவார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கென்று நடத்துகிற வகுப்பில் வேலைக்குப் போகிறவர்களைக் கண்டால் ஆகாது போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முதல் லேப் வகுப்புக்குத் தாமதமாகப் போனாள். அவளுக்குப் பின்னாலேயே ஒருவன் வலது காலை லேசாக இழுத்துக்கொண்டு வந்தான். தோளில் தோல் பை தொங்கி அழுத்திய தடம் சட்டையிலேயே தெரிந்தது.

"லேட்டா வந்த ரெண்டு பேரும் கடைசி மேசை," என்றார் கெமிஸ்ட்ரி மேடம். வருஷம் முழுக்க அதே மேசை, அதே ஜோடி.

"அக்கா, நீங்க இந்தப் பக்கம் நில்லுங்க. அங்க தண்ணி சொட்டுது," என்றான் அவன்.

"அக்காவா? உங்களுக்கு என்ன வயசு?"

"முப்பத்தி மூணு."

"எனக்கு முப்பத்தொண்ணு."

"கோவிச்சுக்காதீங்க. பஸ்ல எல்லாரையும் அக்கான்னு கூப்பிட்டுப் பழகிடுச்சு. சண்டை வராது."

"இப்ப வந்துடும் போலிருக்கே."

அவன் கண்டக்டர். இரண்டு வருஷம் முன்னால் டிரைவர் போட்ட ஒரு திடீர் பிரேக்கில் கம்பியில் முட்டி மோதி, அன்றிலிருந்து முட்டி அவன் பேச்சைக் கேட்பதில்லை. டெப்போவில் டிக்கெட் கட்டு வழங்குகிற பிரிவில் ஒரு நாற்காலி காலியாகப் போகிறது. கல்லூரி முதல் வருஷம் முடித்த ஆளுக்குத்தான் கொடுப்பார்கள். இந்த வருஷத்துக்குள் முடித்தால் உனக்கு என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"நீங்களும் நாற்காலிதானா?" என்றாள் அவள்.

"எனக்கு டிகிரியெல்லாம் வேண்டாம் அக்கா. உட்கார்ந்து எந்திரிக்கிற மாதிரி ஒரு வேலை. இப்படியே நின்னுட்டிருந்தா இன்னும் ரெண்டு வருஷத்துல முட்டியில கத்தி வைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அன்று செய்த பரிசோதனை எளிது. கூம்புக் குடுவையில் அமிலம். அதில் நிறம் காட்டுகிற திரவம் இரண்டு சொட்டு. மேலே நீளக் கண்ணாடிக் குழாயில் காரம். அடியில் ஒரு திருகு. திருகைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெளிர் சிவப்பு வந்து நின்ற அந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். நாலுவிரல் கண் கொட்டாமல் விட்டாள். வெளிர் சிவப்பு வந்தது. வந்ததும் அவள் கை, பதினாலு வருஷப் பழக்கத்தில், இன்னும் கொஞ்சம் விட்டது.

மேடம் வந்து குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நான் கேட்டது வெளிர் சிவப்பு. நீங்க லிப்ஸ்டிக் கொண்டாந்திருக்கீங்க."

"ஒரு சொட்டு கூட விழுந்துடுச்சு மேடம்."

"விழுந்துச்சா, விட்டீங்களா?"

"…விட்டேன்."

"ஏன்?"

"கூடக் குடுத்தா நல்லதுதானேன்னு…"

வகுப்பே சிரித்தது. கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவன் முறை வந்தபோது திருகைப் பிடித்த கை ஆடவே இல்லை. குழாய் நுனியில் பாதிச் சொட்டு தொங்கியது. அதைக் குடுவையின் ஓரத்தில் தொட்டு எடுத்து, மேலே துளித் தண்ணீர் விட்டு அலசினான். தெரிந்தும் தெரியாத ஒரு சிவப்பு.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"ராத்திரி டெப்போல பையைக் கொட்டி எண்ணுவாங்க அக்கா. குறைஞ்சா என் சம்பளத்துல போகும். கூட இருந்தா இன்னும் மோசம், யாருகிட்டயோ அடிச்சிருக்கேன்னு அர்த்தம். அதனால கை அந்த இடத்துல தானா நின்னுடும்."

மொழி வகுப்பில் ஆட்டம் தலைகீழ். மொழி சார் உற்சாகமான மனுஷர். பாடப் புத்தகத்தில் வருகிற கடைக்காரராகவும் வாடிக்கையாளராகவும் மாணவர்களை எழுப்பி நிறுத்துவார். நாலுவிரலை எழுப்பினார். புத்தகத்தில், "ஆப்பிள் என்ன விலை?" "இவ்வளவு." "நன்றி," அவ்வளவுதான். அவள் விலையைக் கேட்டாள்; பதிலைக் கேட்டு நெஞ்சில் கை வைத்தாள்; தெரிந்த இருபது வார்த்தையை வைத்துக்கொண்டு, போன வாரம் பாதி விலை என்றாள்; ஆப்பிள் அழுகல் என்றாள்; போகிறேன் என்று இரண்டடி நடந்தாள். கடைக்காரனாக நடித்த வங்கிக் காவலாளி பயந்துபோய்ப் புத்தகத்தில் இல்லாத விலைக்கு இறங்கிவிட்டான். மொழி சார் கைதட்டினார்.

அடுத்து கண்டக்டர். எழுதச் சொன்னால் இலக்கணம் பிசகாமல் எழுதுவான். வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். "பன்னிரண்டு வருஷமா நான் பேசுறதே பத்து வார்த்தை அக்கா," என்றான் பிறகு. "உள்ள போங்க, சில்லறை குடுங்க, படியில நிக்காதீங்க. இதுக்கு மேல பேசினா அடிதடிதான்."

இந்த மொழிப் பாடத்தில் பாதி மதிப்பெண் வாய்மொழித் தேர்வுக்கு. ஜோடி ஜோடியாக உள்ளே போக வேண்டும். ஒருவர் விற்கிறவர், ஒருவர் வாங்குகிறவர்.

தேர்வுக்குப் பத்து வாரம் இருந்தபோது, கல்லூரி வாசல் டீக்கடையில் பேரம் படிந்தது.

"வியாழக்கிழமை லேப் சீக்கிரமே திறந்திருக்கும்," என்றாள் அவள். "வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வந்து எனக்கு அந்தத் திருகைப் பழக்கிக் குடுங்க. நான் ஞாயித்துக்கிழமை மதியம் உங்க வாயைத் திறந்து விடறேன்."

"எனக்கு ஞாயித்துக்கிழமை டூட்டி அக்கா."

"மாத்திக்க முடியாதா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "கேட்டுப் பார்க்கறேன்."

"அப்ப பத்து வியாழனுக்குப் பத்து ஞாயிறு. தேர்வுல நீங்களும் நானும் ஜோடி. சரியா?"

"பேரமெல்லாம் பேச மாட்டேன் அக்கா. நீங்க சொன்னா சரி."

இப்படிப்பட்ட ஆளிடம் வியாபாரம் பண்ணவே கூடாது. எதிர்த்து இழுக்க ஆள் இருந்தால்தான் அளவு சரியாக வரும். இல்லாவிட்டால் நம் கையே நம்மை ஏமாற்றிவிடும். அவளுக்கு இது தெரியாததல்ல.

முதல் ஞாயிறு நன்றாகத்தான் போனது. பஸ் நிலையத்துப் பயணிகள் அறையில், ஓடாத மின்விசிறிக்குக் கீழே, வணக்கம் சொல்வதும் வழி கேட்பதும் நடந்தது. அவள் வேண்டுமென்றே தப்புத் தப்பாக வழி சொன்னாள். அவன் பொறுக்க முடியாமல் அந்த மொழியிலேயே, "இல்லை, இடது பக்கம்!" என்று கத்திவிட்டான். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து இடது பக்கம் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்து முடிக்க நேரமானது.

"வாய் இருக்குது பாருங்க உள்ள," என்றாள்.

"உங்க வழி தப்புக்கா, அதான். தப்பான இடத்துல இறங்கச் சொன்னா என்னால சும்மா இருக்க முடியாது."

மறுநாள் காலை, கடையில் போணி ஆகும் முன்பே, சித்தப்பா ஆரம்பித்தார்.

"வியாழக்கிழமையானா நாலு மணிக்கே பையைத் தூக்கிடறே. கடை என்ன பள்ளிக்கூடமா, மணி அடிச்சா கிளம்பறதுக்கு?"

"சம்பளத்துல பிடிச்சுக்கோங்க சித்தப்பா."

"உன் சம்பளத்தைப் பிடிச்சா உங்க அம்மா என் சட்டையைப் பிடிப்பா. எனக்குக் காசு வேண்டாம். ஸ்கூல் திறக்கப் போறாங்க, யூனிஃபார்ம் சீசன். ஞாயித்துக்கிழமை கடை திறக்கறேன். நீ வா, வியாழக்கிழமை நாலு மணிக்கே போ. நான் வாயே திறக்க மாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு…"

"ஒரு என்ன?"

அந்த இடத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஞாயிறு விற்றாகிவிட்டது, வேறு நாள் கேளுங்கள் என்று. சித்தப்பா கத்தியிருப்பார், பிறகு சனிக்கிழமைக்கு இறங்கி வந்திருப்பார். அவரும் அந்தத் தெருவில் பிறந்தவர்தான். கத்தாமல் எதற்கும் இறங்க மாட்டார். ஆனால் வியாழக்கிழமை கை நழுவிவிடுமோ என்கிற பயம் அவளுக்கு. வியாழன் போனால் லேப் போகும். லேப் போனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து நாற்காலி போகும். "ஆகட்டும் சித்தப்பா," என்றாள்.

கடைத்தெருவில் எதையும் மன்னிப்பார்கள். விலையை ஏற்றிச் சொல்லலாம், பழைய சரக்கைப் புதுசு என்று தலையில் கட்டலாம். அதெல்லாம் வாங்குகிறவன் சாமர்த்தியத்தைப் பொறுத்தது. ஒருவருக்குப் பேசி முடித்து நூல் கட்டி ஒதுக்கிவைத்த துணியை இன்னொருவருக்கு வெட்டிக் கொடுப்பதை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். அப்படிச் செய்த ஒரு கடைக்காரரின் வீட்டில் அவள் அப்பா கடைசிவரை ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

இரண்டாவது ஞாயிறு பாதியில் நின்றது. எண்களும் நேரமும் சொல்லி முடித்து, அடுத்த பாடத்தைத் திறக்கும்போது சித்தப்பாவின் போன். மூன்றாவது ஞாயிறு, "கொஞ்சம் வேலை, அடுத்த வாரம் சேர்த்துப் பார்த்துக்கலாம்." நாலாவது, "சீசன் முடியட்டும்." அதற்குப் பிறகு அவளே பேசவில்லை, ஒரு வரி அனுப்பிவிடுவாள். பதில் ஒரே மாதிரி வரும்: பரவால்ல அக்கா. கோபப்பட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். பரவாயில்லை என்கிறவனிடம் என்ன பேசுவது?

வியாழக்கிழமைகள் மட்டும் ஒன்றுகூடத் தவறவில்லை. அவளுக்கு முன்னால் வந்து குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பான்.

"நிறுத்துங்க."

"இன்னும் கலர் வரலையே."

"வரும். வர்றதுக்கு முன்னாடி நிறுத்தணும். ஸ்டாப் வந்த பிறகா விசில் அடிப்பாங்க?"

"கை கேக்க மாட்டேங்குது."

"கடையில யாருக்கோ குடுக்கறதா நினைக்கிறீங்க. இங்க வாங்குறவங்க யாரும் இல்ல அக்கா. கூடக் குடுத்தா சந்தோஷப்பட ஆளே இல்ல."

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் அவள் கை நின்றது. ஆறாவது வியாழனோ ஏழாவதோ, தெரிந்தும் தெரியாத அந்தச் சிவப்பு அவள் குடுவையிலும் வந்தது. அவள் குடுவையைத் தூக்கிப் பிடித்து அப்படியே நின்றாள். "போணி ஆயிடுச்சு," என்றான் அவன், அவளுடைய பாஷையில்.

"உங்க பாடம்தான் நிக்குது," என்றாள், குடுவையை வைக்காமலே.

"சீசன் முடிஞ்சதும் பார்த்துக்கலாம். எனக்கு அந்தக் கடைப் பாடம் மட்டும் சொல்லிக் குடுத்தாப் போதும். விலை குறைக்கிறது இருக்கே, அது."

"அது என் பாடம். ஒரே மதியத்துல முடிச்சுடலாம்."

லேப் தேர்வில் அவள் மூன்று தடவை எடுத்த அளவும் ஒத்துப்போயின. மேடம் குடுவையைப் பார்த்து, "லிப்ஸ்டிக் கடையை மூடிட்டீங்களா?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார். அவனுக்கும் அங்கே கவலையில்லை. மிச்சம் இருந்தது அடுத்த சனிக்கிழமை, மூன்று மணி, வாய்மொழித் தேர்வு.

அந்தச் சனிக்கிழமைக்காக அவள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஒரு மணிக்குக் கடையை விட்டுக் கிளம்புவது. கல்லூரி மரத்தடியில் அவனை உட்காரவைத்து, விடுபட்டதை எல்லாம் இரண்டு மணி நேரத்தில் ஓட்டிவிடுவது. அவனிடமும் சொல்லியிருந்தாள். அவன் பன்னிரண்டரைக்கே போய் உட்கார்ந்திருந்தான் என்பது பிறகு தெரிந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு பள்ளிக்கூடத்து மேனேஜர் கடைக்குள் வந்தார். அறுநூறு பிள்ளைகளுக்குச் சட்டைத் துணி. கருப்புக் கண்ணாடி, வந்ததும் உட்காரவில்லை. உட்காராத வாடிக்கையாளர்தான் கஷ்டம். சித்தப்பா அவளைப் பார்த்தார். அந்தத் தெருவில் உட்காராதவரை உட்காரவைக்கத் தெரிந்தது அவள் ஒருத்திதான்.

"ஒரு அரை மணி," என்றார் சித்தப்பா காதுக்குள்.

ஒன்றரை ஆனது. மேனேஜர் உட்கார்ந்துவிட்டார். ஆனால் விலை நகரவில்லை. இரண்டு மணிக்கு அவள் பின்கட்டுக்குப் போய்க் கல்லூரி ஆபீசுக்குப் போன் போட்டாள்.

"முதல் வருஷம், ஈவினிங் செக்‌ஷன் சார். எனக்கு மூணு மணிக்கு ஓரல். கடைசிக்கு மாத்திக் குடுங்க."

"அதெல்லாம் இப்ப மாத்த முடியாதும்மா," என்றார் கிளார்க்.

"சார், உங்க பசங்களுக்கு யூனிஃபார்ம் எடுத்தாச்சா?"

"அது எதுக்கு இப்ப?"

"எடுக்கலைன்னா நம்ம கடைக்கு வாங்க. நானே அளந்து தரேன். கடைத்தெருவுல நாலுவிரல்னு கேளுங்க, சொல்லுவாங்க."

கிளார்க் சிரித்துவிட்டார். "நீங்கதானா அது? சரி, அஞ்சரைக்கு வாங்க. உங்களைக் கடைசியில போட்டுடறேன்."

போனை வைத்தபோது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது அறுநூறு சட்டையும் கிடைக்கும், தேர்வும் கிடைக்கும். ஜோடித் தேர்வுதானே, ஒருவரை நகர்த்தினால் இன்னொருவரும் தானாக நகர்ந்துவிடுவார் என்று நினைத்தாள். எத்தனை பேருக்கு என்று அவளும் சொல்லவில்லை, கிளார்க்கும் கேட்கவில்லை. எண்ணிக்கை சொல்லாமல் எதற்கும் விலை பேசக் கூடாது என்று புதிதாகச் சேருகிற விற்பனைப் பெண்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறவள் அவள்.

அவனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று எண்ணை அழுத்தினாள். அதற்குள் மேனேஜர் துணியை வெளிச்சத்தில் பிடித்து, "சாயம் போகுமா?" என்றார். போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். அறுநூறு சட்டைக்கும் அவள் சொன்ன விலை படிந்தது. வெட்டும்போது நாலு விரல் கூட விட்டாள்.

ஐந்து மணிக்குக் கல்லூரிக்கு வந்தபோது அவன் தேர்வு அறைக்கு வெளியே பெஞ்சில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"நல்லவேளை, சாவகாசமா உட்கார்ந்திருக்கீங்க. அஞ்சரைக்குத்தான் நம்மளது. அதுக்குள்ள அந்தக் கடைப் பாடத்தை ஒரு தடவை…"

"எனக்கு முடிஞ்சிடுச்சு அக்கா."

"முடிஞ்சிடுச்சா? யாரோட?"

"மூணு மணிக்குக் கூப்பிட்டாங்க. ஜோடி எங்கன்னு கேட்டாங்க. வருவாங்கன்னேன். அவங்களுக்கு நேரம் மாத்திட்டோம், உங்க பேர் இங்கதான் இருக்குன்னாங்க. வெளியூர்ல இருந்து வந்த எக்ஸாமினர். அவரே வாங்குறவரா உட்கார்ந்துட்டாரு."

"நான் போன் பண்ண நினைச்சேன்…"

"நான்தான் ஆஃப் பண்ணிட்டேன். உள்ள அடிச்சா திட்டுவாங்களேன்னு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எப்படிப் பண்ணீங்க?"

"ஆப்பிள் என்ன விலைன்னு கேட்டாரு. சொன்னேன். தப்பில்லாம சொன்னேன் அக்கா. ஜாஸ்தின்னாரு. குறைச்சுக் குடுன்னாரு. நான் திரும்பவும் அதே விலையைச் சொன்னேன். அவரு திரும்பவும் கேட்டாரு. நான் திரும்பவும் சொன்னேன்."

"ஏன், கொஞ்சம் குறைச்சிருக்கலாமே?"

"குறைக்கிறதுக்கு வார்த்தை தெரியலையே. நாம அந்தப் பாடத்துக்கு வரவே இல்லையே அக்கா." அவன் முட்டியைத் தடவிக்கொண்டான். "டிக்கெட்டுக்கு யாரு பேரம் பேசுறாங்க? எனக்குத் தெரிஞ்சது ஒரே விலைதான்."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. பையில் எவ்வளவு இருக்கிறது என்று டெப்போவில் சொல்கிற குரல்.

ஐந்தரைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். ஜோடி இல்லாததால் அவளுக்கும் எக்ஸாமினரே எதிரில் உட்கார்ந்தார். அவர் விற்கிறவர், அவள் வாங்குகிறவள். பாதி விலைக்கு ஆப்பிளை வாங்கி, கொசுறாக இன்னும் ஒன்று கேட்டு வாங்கினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். முழு மதிப்பெண். இவ்வளவு லாபமான வியாபாரம் அவள் வாழ்க்கையில் செய்ததில்லை. வெளியே வந்தபோது பெஞ்சு காலி.

முடிவு வந்தது. அவளுக்கு இரண்டும் பாஸ். அவனுக்கு வேதியியலில் வகுப்பிலேயே அதிகம். மொழியில் மூன்று மதிப்பெண் குறைவு. நாலுவிரல் அன்றைக்குக் கடைக்கே போகவில்லை. நேராக மொழி சார் அறைக்குப் போனாள்.

"மூணு மார்க் சார். மூணே மூணு."

"தெரியும்மா."

"அவரு எழுத்துப் பரீட்சையில நல்லா எழுதியிருக்காரு. அதுல இருந்து ரெண்டு, நீங்க மனசு வச்சு ஒண்ணு…"

"எக்ஸாமினர் போட்ட மார்க்மா. நான் தொட முடியாது."

"தப்பு என்னோடது சார். நேரத்தை மாத்தினது நான். என்கிட்ட இருந்து மூணு எடுத்து அவருக்குப் போடுங்க. எனக்குத்தான் நிறைய இருக்கே."

மொழி சார் அவளைப் பார்த்தார். கேலி செய்யலாம் என்று நினைத்தவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "இது துணி இல்லம்மா," என்றார் மெதுவாக. "இங்க வெட்டி அங்க ஒட்ட முடியாது."

ஆபீஸில் கிளார்க் எழுந்தே நின்றுவிட்டார். "நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்கம்மா. ரெண்டு பேருன்னு சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் போட்டிருப்பேனே. எனக்கென்ன, ஒரு கோடு இழுக்கிற வேலை." அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அவனுடைய இடம் வெளியே காத்திருந்த யாருக்கோ போய்விட்டது. டெப்போ நாற்காலியில், வாக்குக் கொடுத்த மேனேஜரின் மச்சான் வந்து உட்கார்ந்துவிட்டான் என்று வங்கிக் காவலாளி சொல்லித் தெரிந்தது.

சீசன் முடிந்து சித்தப்பா நல்ல மனநிலையில் இருந்தார். "இனிமே ஞாயித்துக்கிழமை வேண்டாம். நீ எடுத்துக்கோ. உன்னோடதுதான்," என்றார், தானம் பண்ணுகிறவர் மாதிரி.

அந்த ஞாயிறு மதியம் அவள் அவனுடைய பஸ்ஸில் ஏறினாள். கூட்டம் அதிகமில்லை. அவன் பின்வாசல் கம்பியில் இடுப்பைச் சாய்த்து, வலது காலில் பாரம் விழாமல் நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

"வாங்க அக்கா. எங்க?"

"எங்க போனாலும் சரி. கடைசி ஸ்டாப்புக்குக் குடுங்க." பணத்தை நீட்டினாள். "நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அடுத்த வருஷம் வெளியில இருந்து மொழிப் பரீட்சை மட்டும் எழுதலாமாம், விசாரிச்சுட்டேன். நாற்காலி இது இல்லைன்னா வேற வரும். இனிமே எனக்கு ஞாயித்துக்கிழமை முழுசா லீவு. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் வேணும்னாலும் உட்காரலாம். அந்தக் கடைப் பாடத்துல இருந்தே ஆரம்பிக்கலாம்."

அவன் டிக்கெட்டைக் கிழித்தான். "ஞாயித்துக்கிழமை எனக்கு டூட்டி அக்கா."

"அப்ப மாத்திக்கிட்டீங்களே?"

"மாத்திக்கிட்டதுதான். இன்னொருத்தர் எனக்காகப் பத்து ஞாயிறு பார்த்தாரு. இப்ப அவருக்கு நான் பார்க்கணும்ல?"

"பத்துமா? நான் வராத ஞாயிறுமா?"

"நீங்க வர மாட்டீங்கன்னு ஞாயித்துக்கிழமை காலையிலதானே தெரியும். அதுக்குள்ள அவரு பஸ்ல ஏறியிருப்பாரு."

பஸ் ஒரு திருப்பத்தில் சாய்ந்தது. அவன் முகம் ஒரு நொடி சுருங்கி மறுபடி நேரானது. அவள் எழுந்து, "இதுல உட்காருங்க, கொஞ்ச நேரம்," என்றாள்.

"டூட்டியில உட்காரக் கூடாது அக்கா. நீங்க உட்காருங்க." டிக்கெட்டையும் மிச்சக் காசையும் நீட்டினான்.

"அது இருக்கட்டும். வச்சுக்கோங்க."

"வேண்டாம் அக்கா. பைக் கணக்கு சரியா நிக்கணும். கூட இருந்தாலும் தப்புதான்."

காசை அவள் உள்ளங்கையில் எண்ணி வைத்தான், ஒன்று குறையாமல், ஒன்று கூடாமல். முன்னால் யாரோ கைதட்ட, "உள்ள போங்க, உள்ள போங்க," என்று கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்து போனான்.

நாலுவிரல் கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்திருந்தாள். உட்காரத்தானே படித்தது. கணக்குப் போட அவளுக்குக் காகிதம் தேவைப்பட்டதில்லை. வரவு, வியாழன் பத்து. குறைவில்லாமல் வந்து சேர்ந்தது. கொடுக்கப் பேசியது, ஞாயிறு பத்து. கொடுத்தது ஒன்றரை. பாக்கி எட்டரை, கையில் இருக்கிறது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.